ஒரே ஆள், நாலு வாத்தியம்: ஸ்டூடியோவில் எப்படி வேலை வாங்குவது?

கொட்டாஞ்சேனைக் கீபோட்
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று தமிழ்ப் பாட்டுகளுக்கு இசையமைத்து வைத்திருக்கிறேன். இவ்வளவு காலமும் வயலின் என்றாலும் செலோ என்றாலும் கீபோட்டிலேயே வாசித்துச் சமாளித்து வந்தேன். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "பாட்டு நல்லாயிருக்கு, ஆனா பின்னால போறது மூச்சு விடுறமாதிரி இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த முறை ஆளை அழைப்பது என்று முடிவெடுத்தேன்.

கிடைத்தவர் அருமையான ஆள். வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா, மண்டலின், வில்லால் வாசிக்கிற வட இந்திய எஸ்ராஜ் நாலும் வாசிப்பார். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளும் எழுதியிருக்கிறார், லண்டன் ட்ரினிட்டியின் மேற்கத்தேய இசைப் பரீட்சையில் எட்டாம் தரமும் முடித்திருக்கிறார். நோட்ஸ் வைத்தாலும் வாசிப்பார், சுரம் சொன்னாலும் வாசிப்பார். சிங்களப் பாட்டுப் பதிவுகளுக்கும் நிறையப் போகிறவர்.

ஸ்டூடியோ அடுத்த சனிக்கிழமை நாலு மணித்தியாலத்துக்கு எடுத்திருக்கிறேன். முதல் பாட்டுக்கு அவரையே எட்டுத் தரம் வாசிக்க வைத்து ஒரு பெரிய வயலின் கூட்டம்போல அடுக்குவது, இரண்டாவது பாட்டுக்கு மண்டலினும் தனி வயலினும், மூன்றாவதுக்கு எஸ்ராஜ். இதுதான் திட்டம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா? அவருக்கு முன்கூட்டியே என்ன கொடுக்க வேண்டும்? இப்படிப் பல வாத்தியம் வாசிக்கிறவரோடு வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.


வில்லும் தந்தியும்
திங்கள், இரவு 10.25

தம்பி, நானும் வயலின்காரன்தான், இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல். முதலில் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாத்தியம் வாசிக்கிறவர் என்றால் நாலு ஆளின் வேலையை ஒரு ஆளின் நேரத்தில் செய்து தருகிறவர் என்று கணக்குப் போடக் கூடாது. வாத்தியம் மாறும்போது கை மாற வேண்டும், காது மாற வேண்டும், உடம்பு இருக்கிற விதமே மாற வேண்டும். கர்நாடக வயலினைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கால் கணுவில் ஊன்றி வாசிப்போம். இடது கை சுதந்திரமாக வழுக்கி ஓடுவதற்கு அந்த இருப்புத்தான் வசதி. மேற்கத்தேய வாசிப்புக்குக் கதிரை அல்லது நின்றபடி, தாடையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஐந்து நிமிடத்தில் தாவலாம். ஆனால் நல்ல வாசிப்பு வருவதற்கு அந்த ஐந்து நிமிடம் காணாது.

சுருதி விஷயம் இன்னும் முக்கியம். மேற்கத்தேய வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. எங்களுக்கு ச, ப, ச, ப. உங்கள் பாட்டை ஒரு பெண் ஐந்து கட்டையில், அதாவது ஜியைச் ச ஆக வைத்து, பாடுகிறார் என்றால் தந்திகள் ஜி, டி, ஜி, டி ஆகும். மேல் இரண்டு தந்தியையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும், அதே வயலினில் சமாளிக்கலாம். ஆண் ஒரு கட்டையில், அதாவது சியை ச ஆக வைத்து, பாடினால் நாலு தந்தியும் நிறைய இறங்க வேண்டும். அதற்கென்று தந்தி போட்டு வைத்த வேறு வயலின் வேண்டும். ஒரே வயலினை முறுக்கி முறுக்கி மாற்றினால் தந்தி நிலைக்கு வராமல் டேக்குக்கு டேக் (ஒருமுறை வாசித்துப் பதிவது ஒரு டேக்) நழுவும். ஆகவே பாட்டு எந்தக் கட்டையில் என்பதை இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். எத்தனை வயலின் கொண்டுவர வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

மண்டலினுக்கும் வயலினுக்கும் சுருதி ஒன்றுதான், ஜி டி ஏ ஈ. அதனால்தான் வயலின்காரர் பலர் மண்டலினும் வாசிக்கிறார்கள். ஆனால் மண்டலினில் ஒவ்வொன்றும் இரட்டைக் கம்பி, எட்டுக் கம்பியையும் அழுத்தி ஒரு மணித்தியாலம் வாசித்தால் விரல் நுனியில் கோடு விழுந்துவிடும். அந்த விரலோடு வயலினில் மெல்லிய கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) எடுக்க முடியாது. மண்டலினைக் கடைசிக்கு வையுங்கள்.

எஸ்ராஜை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். அதில் வாசிக்கிற தந்தி நாலு, அடியில் கூட ஒலிக்கிற தந்திகள் பதினைந்துக்குக் கிட்ட. அத்தனையையும் ராகத்துக்கு ஏற்றபடி சேர்க்க வேண்டும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் தந்தியை முறுக்குகிற பிருடைகள் ஊதி இறுகிப் போயிருக்கும், அதோடு மல்லுக்கட்டவே அரை மணித்தியாலம் போய்விடும்.


தெகிவளை ஒலியறை
செவ்வாய், காலை 7.15

வயலின் அண்ணா சொன்னது முழுக்கச் சரி. நான் ஒலிப்பதிவுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒருவரையே எட்டுத் தரம் வாசிக்க வைத்தால் எட்டுப் பேர் வாசித்ததுபோல வராது. அதே வயலின், அதே கை, அதே மைக், அதே கதிரை. அந்த வயலின் உடம்பில் எந்தச் சுரம் தூக்கலாக ஒலிக்கிறதோ அது எட்டு மடங்காகத் தூக்கும். அறையின் குறையும் எட்டு மடங்காகும். கடைசியில் கேட்பது பெரிய கூட்டம்போல இராது, ஒரே வயலினுக்கு ஏதோ மின் விளைவு போட்டதுபோல இருக்கும்.

அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. மைக்கை ஒரே இடத்தில் விட்டுவிட்டு ஒவ்வொரு டேக்குக்கும் கதிரையை நகர்த்துங்கள், ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் இரண்டடி பின்னால், ஒரு தரம் சுவர்ப்பக்கம். இரண்டு வயலின் இருந்தால் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். அதே வரியை ஒரு டேக்கில் ஏ தந்தியிலும் அடுத்ததில் டி தந்தியின் மேல் நிலையிலும் வாசித்தால் ஒலியின் நிறமே மாறும். ஒரு டேக் வயலினின் ஒலியை மழுக்குகிற மியூட்டை மாட்டி வாசிக்கட்டும். வியோலா இருக்கிறதே, வயலினின் அதே சுரத்தை வியோலாவில் ஒரு தரம் வாசித்துக் கீழே மெல்ல வைத்தால் கூட்டம் உடனே அகன்றுவிடும்.

இன்னொன்று, அனுபவத்தில் கண்டது. இரண்டு டேக்கை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சின்னச் சுருதி வித்தியாசம்கூடக் காதில் குத்தும். மூன்றாவது சேர்ந்ததும் அது கரைந்துவிடும். ஆகவே ஒரு வரிக்கு இரண்டு டேக்கோடு நிறுத்தாதீர்கள், ஒன்று அல்லது மூன்று. அடுத்த டேக் வாசிக்கும்போது முந்தைய டேக்குகளை ஹெட்போனில் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தால் முதல் டேக்கின் பிழையைப் பின்பற்றி மற்றவையும் பிழையாகும். பாட்டின் தாளமும் சுருதியும் மட்டும் போதும்.

மைக் தூரம்: வயலினுக்குக் கிட்டக் கொண்டுபோனால் வில் உரசுகிற சத்தமும் ரோசின் மணலும்தான் வரும். தலைக்கு மேலே மூன்று நாலு அடி உயரத்தில், வயலினின் முகத்தைப் பார்த்தபடி வையுங்கள். ரிப்பன் மைக் இருந்தால் அதையே போடுங்கள், மேல் அலைவரிசையின் கூர்மையை அது இயல்பாகவே மழுக்கித் தரும். தரையில் உட்கார்ந்து வாசித்தால் மைக்கையும் இறக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுவார்கள்.


கொட்டாஞ்சேனைக் கீபோட்
செவ்வாய், பகல் 12.50

மிக்க நன்றி அண்ணாமாரே. எஸ்ராஜை வேறு நாளுக்கு வைத்துவிட்டேன், இன்றைக்கே அவரிடம் பேசியாயிற்று. ஸ்டூடியோ கடற்கரைப் பக்கம், கரையோர ரயில் பாதைக்குக் கிட்ட. ரயில் போகும்போது தரை மெல்ல அதிர்கிறது. அதற்கு ஏதாவது செய்யலாமா?


தெகிவளை ஒலியறை
செவ்வாய், பகல் 1.20

வயலினுக்குப் பயமில்லை. வயலினின் ஆகக் கீழ்ச் சுரம் ஜி, 196 ஹேர்ட்ஸ். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் ரயிலின் உறுமலில் பெரும்பகுதி போய்விடும், வயலினுக்கு ஒன்றும் ஆகாது. வியோலா 130 வரை இறங்கும், அதற்கு 80இல் வெட்டுங்கள். செலோவாக இருந்தால் 65 வரை போகும், அப்போது ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் டேக் எடுக்க வேண்டும். ஹோர்ன் அடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த டேக்கை விட்டுவிடுங்கள்.

ஏசியை டேக் எடுக்கும்போது நிறுத்தச் சொல்வார்கள். அறை சூடாக ஆகச் சுருதி இறங்கும். நாலு ஐந்து டேக்குக்கு ஒருமுறை சேர்த்துக்கொள்ள நேரம் கொடுங்கள். அவர் வந்ததும் வயலின் பெட்டியைத் திறந்து ஸ்டூடியோக் குளிரில் அரை மணித்தியாலம் வைக்கட்டும். வெளியிலிருந்து வந்த கையோடு வாசிக்க வைத்தால் முதல் அரை மணி வீண்.


வில்லும் தந்தியும்
செவ்வாய், இரவு 8.05

ஒலியறைத் தம்பி சொன்ன அடுக்கு முறை எல்லாம் உண்மை, நானும் அப்படி வாசித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஒருவரை எட்டாக்குவதைவிட இரண்டு பேரை அழைப்பது நல்லது. இரண்டாவது ஆள் வெறும் எட்டாம் தரம் முடித்த ஒரு மாணவராக இருந்தாலும் பரவாயில்லை. வில் எங்கே திரும்புகிறது, விரல் எவ்வளவு அசைகிறது, சுரத்தின் நடுவிலா ஓரத்திலா நிற்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். அந்த இரண்டு பழக்கமும் சேர்கிற இடத்தில்தான் கூட்டத்தின் ஒலி பிறக்கிறது. கொழும்பில் இலங்கை சிம்பனி இசைக்குழு 1958இலிருந்து இருக்கிறது. அதன் கச்சேரி ஒன்றில் வயலின் பகுதிக்கு முன்னால் போய் இருந்து பாருங்கள். வில்கள் ஒன்றாகத்தான் மேலும் கீழும் போகும், ஒலி மட்டும் ஒருவருக்கு ஒருவர் மயிரிழை மாறி நிற்கும். அந்த மயிரிழைதான் உங்கள் அம்மா சொன்ன மூச்சு.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவரே எல்லாம் வாசித்தால் இந்த ஊரில் இரண்டாவது வயலின்காரர் எப்படி வளர்வார்?


தெகிவளை ஒலியறை
செவ்வாய், இரவு 8.40

அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் தம்பியின் கையில் இருக்கிற காசு எவ்வளவோ தெரியாது. இரண்டு பேரை அழைத்து இரண்டு மணித்தியாலத்தில் அவசரப்படுத்துவதா, ஒருவரை அழைத்து நாலு மணித்தியாலம் நிதானமாக வேலை செய்வதா என்று வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நிதானம் இல்லாத இடத்தில் இரண்டு பேர் இருந்தும் பயனில்லை.


பம்பலப்பிட்டிப் பாடகி
புதன், காலை 10.30

பாடுகிறவள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணியில் அமைந்த ஒரு மெல்லிசைப் பாட்டுப் பாடினேன். வயலின் வாசிக்க வந்தவர் இந்துஸ்தானி முறையில் படித்த ஒரு சிங்கள அண்ணா. இங்கே தெரியும்தானே, சிங்களப் பாடசாலைகளில் சங்கீதம் இந்துஸ்தானி வழியிலும் எங்கள் பாடசாலைகளில் கர்நாடக வழியிலும் படிப்பிக்கிறார்கள். இசையமைப்பாளர் "கல்யாணி" என்றார். அண்ணா "ஆ, யமன்" என்று சிரித்துக்கொண்டே வில்லை எடுத்தார். சுரங்கள் ஒன்றுதான். எனக்கும் நிம்மதி.

பல்லவி முடிந்து இடையிசை வந்ததும் எனக்குள் ஏதோ இடறியது. நான் காந்தாரத்தை அசைத்துப் பாடுகிறேன், அவர் அதே காந்தாரத்தை அசையாமல் நீட்டி நிறுத்துகிறார். இரண்டுமே அழகு. ஆனால் நான் விட்ட இடத்தில் அவர் எடுக்கும்போது பாட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனதுபோல இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது டேக்குக்குப் பிறகு அவரே ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து, "நங்கி (தங்கச்சி), நீங்கள் அந்த கா பாடுங்கோ, இன்னொருமுறை, மெல்ல" என்றார். நான் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மட்டும் காற்றில் அசைத்துப் பார்த்தார், வில்லைத் தொடவேயில்லை. நாலைந்து முறை பாடிய பிறகு போய் வாசித்தார். முழுக்கக் கர்நாடகமாக வாசிக்கவில்லை, என்னுடைய அசைவில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தன் வழியில் நிறுத்தினார். அந்தப் பாட்டில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான்.

நான் சொல்ல வந்தது, அவருக்கு நோட்ஸ் மட்டும் அனுப்பாதீர்கள். பாடகர் பாடிய குரலையும் அனுப்புங்கள், சும்மா போனில் பதிந்ததாக இருந்தாலும் சரி. கமகம் நோட்ஸில் வராது. கல்யாணியும் யமனும், மோகனமும் பூபாளியும், இந்தோளமும் மால்கோன்ஸும், கரகரப்ரியாவும் காஃபியும் என்று பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதலாம். அது அவருக்குச் சுரத்தைச் சொல்லும், அசைவைச் சொல்லாது. முடிந்தால் பாடகரையும் அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லுங்கள்.


வில்லும் தந்தியும்
புதன், பகல் 11.10

தங்கச்சி, பொன்னான வார்த்தை. இந்தக் காந்தாரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கீபோட்டின் காந்தாரம் தம்புராவோடு சேர்ந்து நிற்கிற காந்தாரத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் பதினாலு பங்கு வித்தியாசம். வயலின்காரரின் காது தம்புராக் காந்தாரத்துக்குத்தான் தானாகப் போகும். கீபோட்டில் ஒரு நீண்ட கோர்ட் (பல சுரத்தை ஒன்றாக அழுத்துவது) பின்னால் நின்றுகொண்டிருந்தால் இரண்டும் மோதும். பிறகு வயலின்காரர் சுருதி விலகி வாசித்தார் என்று பேச்சு வரும். அவர் வாசிக்கும்போது ஹெட்போனில் கீபோட் கோர்டைக் குறைத்துச் சுருதிப் பெட்டியைக் கூட்டிக் கொடுங்கள். பிறகு கலக்கும்போது அந்தக் கோர்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ச, ப மட்டும் விட்டுப் பாருங்கள். வயலின் திறந்துகொள்ளும்.


மெல்லிசை நேயர்
புதன், இரவு 9.00

பிள்ளைகள், நான் வாத்தியக்காரன் இல்லை, கேட்கிறவன். கொழும்பு வானொலி 1925இல் தொடங்கியது, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது 1967இல். எங்கள் காலத்தில் தமிழ்ச் சேவையில் மெல்லிசைப் பாடல்கள் போகும்போது வீட்டில் எல்லா வேலையும் நிற்கும். அந்தக் கலையகத்தில் தமிழ்ப் பாட்டுக்குச் சிங்கள வாத்தியக்காரரும் சிங்களப் பாட்டுக்குத் தமிழ் வாத்தியக்காரரும் வாசித்தார்கள். எட்டுத் தரம் அடுக்குகிற வசதி இல்லை. பாடகரும் வாத்தியமும் ஒன்றாக இருந்து ஒரே மூச்சில் பாடி முடிப்பார்கள்.

பல வாத்தியம் கைவந்தவர் என்றால் எனக்கு நினைவு வருவது சிங்களப் பாடகர் அமரதேவதான். பாடகராகத்தான் உலகம் அவரை அறியும், ஆனால் அவர் முதலில் வயலின்காரர். லக்னோவில் பாத்கண்டே கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். மண்டலினையும் ஹார்ப்பையும் சேர்த்து மண்டோஹார்ப் என்று ஒரு வாத்தியத்தையே ஆக்கிக்கொண்டார். 2016இல் காலமானார். நம்முடைய பக்கத்தில் பார்த்தால் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்தவர். அவருடைய பிள்ளைகள் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் சிறுவயதில் அங்கே இருந்தவர்கள்தான், 1958 கலவரத்தோடு குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அந்தச் சங்கர் பிறகு இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள ஒரு வயலினை உருவாக்கினார். டபுள் பேஸின் ஆழத்திலிருந்து வயலினின் உச்சம் வரை அந்த ஒரு வாத்தியத்தில் வரும். ஒரு ஆளுக்குள் ஒரு கூட்டம் இருக்க முடியும் என்பதற்கு அவரைத்தான் காட்டுவேன். ஆனால் அது நாலு மணித்தியாலத்தில் வந்ததில்லை.


கொட்டாஞ்சேனைக் கீபோட்
வியாழன், காலை 8.20

எல்லோருடையதையும் இரண்டு முறை வாசித்தேன். கீபோட் கோர்டில் காந்தாரத்தை எடுத்துப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது, அவ்வளவு வித்தியாசம். இப்போது சம்பளம் பற்றிக் கேட்க வேண்டும். பாட்டுக்கு இவ்வளவு என்று பேசுவதா, மணித்தியாலத்துக்கா, வாத்தியத்துக்கா?


வில்லும் தந்தியும்
வியாழன், இரவு 7.30

எப்படிப் பேசினாலும் முதலே பேசுங்கள், வேலை முடிந்து பெட்டியை மூடும்போது பேசாதீர்கள். என் விருப்பம் நேரத்துக்கு ஒரு தொகை, கூட ஒவ்வொரு மேலதிக வாத்தியத்துக்கும் ஒரு தொகை. ஒவ்வொன்றுக்கும் தந்தி, வில் மயிர், பராமரிப்பு என்று செலவு இருக்கிறது.

அதைவிட முக்கியமானது யோசனைக்கான காசு. ஒருமுறை ஒருவர் என்னை வயலின் வாசிக்க அழைத்தார். பாட்டின் இடையிசைக்கு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, "நீங்களே ஏதாவது போடுங்கோ" என்றார். போட்டேன். அந்த இடையிசைதான் பாட்டின் அடையாளம் ஆனது, கல்யாண வீடுகளில் நாதஸ்வரத்தில்கூட அதை வாசித்தார்கள். பாட்டின் விபரத்தில் என் பெயர் வயலின் என்றுகூட வரவில்லை. காசு பற்றி எனக்குக் கோபமில்லை. என் பிள்ளை அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு "அப்பா, இது நீங்கள்தானே?" என்றபோது காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் வலித்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வாசிக்கிறவருக்கும் தன் வாசிப்பின் பதிவில் உரிமை இருக்கிறது. ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எந்தப் பாட்டு, என்ன வாத்தியம், எங்கெல்லாம் வெளியாகும், பெயர் எப்படி வரும். அவர் இடையிசை ஆக்கித் தந்தால் அதையும் தனியாக எழுதுங்கள்.


தெகிவளை ஒலியறை
வியாழன், இரவு 8.15

இதைப் பெரிய எழுத்தில் எல்லா ஸ்டூடியோச் சுவரிலும் ஒட்ட வேண்டும். நான் என் பங்குக்கு இனி ஒவ்வொரு பதிவுக் கோப்பின் பெயரிலும் வாசித்தவர் பெயரையும் சேர்த்தே சேமிக்கிறேன். வயலின் 1, வயலின் 2 என்று மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் யார் வாசித்தது என்று யாருக்கும் தெரியாது.


கொட்டாஞ்சேனைக் கீபோட்
ஞாயிறு, இரவு 8.50

நேற்று முடிந்தது. விபரமாகச் சொல்கிறேன், நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது இது.

குரல் பதிவை முன்பே அனுப்பியிருந்தேன். கட்டையும் சொல்லியிருந்தேன்: முதல் பாட்டு ஆண் குரல், ஒரு கட்டை, இரண்டாவது பெண் குரல், ஐந்து கட்டை. அவர் மூன்று வயலினோடு வந்தார். ஒன்று ஒரு கட்டைக்கு இறக்கித் தந்தி போட்டது, மற்ற இரண்டும் ஜி டி ஏ ஈ. வந்ததும் பெட்டிகளைத் திறந்து வைத்துவிட்டு ரீ குடித்தோம். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் என் நோட்ஸைப் பார்த்துப் பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டார். மூன்றும் நான் கீபோட்டில் இரண்டு கையாலும் எழுதிய இடங்கள். "இது விரலுக்கு வரும், வில்லுக்கு வராது. இவ்வளவு நேரம் வில் திரும்பாமல் இழுக்க முடியாது" என்றார். ஒரு சுரத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வில் திரும்ப வழி செய்து தந்தார். நான் அந்தச் சுரத்தை எவ்வளவோ யோசித்துப் போட்டது. எடுத்த பிறகு அது இருந்ததே நினைவில்லை.

எட்டு டேக் என்ற திட்டத்தை விட்டுவிட்டேன். மேல் வரிக்கு மூன்று, கீழ் வரிக்கு மூன்று, வியோலா ஒன்று. கதிரையை ஒவ்வொருமுறையும் நகர்த்தினோம். நாலாவது டேக்கில் ரயில் ஹோர்ன் அடித்தது, நல்ல டேக், மனது வரவில்லை. அவர் "பரவாயில்லை, அது போகட்டும்" என்று உடனே அடுத்ததை வாசித்தார். அதுதான் பாட்டில் இருக்கிறது. வியோலா சேர்ந்ததும் ஸ்டூடியோப் பெடியன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

தனி வயலினைத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து வாசித்தார். ஒலியறை அண்ணா சொன்னபடி மைக்கை இறக்கினோம். ஆண் குரலின் முடிவில் அவர் ஒரு சின்ன ஆலாபனை மாதிரி எடுத்தார், என் திட்டத்தில் இல்லாதது. எட்டுச் செக்கன் இருக்கும். மூன்று மணித்தியாலத்தில் முதல் பாட்டு மட்டும்தான் முடிந்தது. முதல் நாள் இருந்த நான் என்றால் பதறியிருப்பேன். நேற்று மீதி நேரத்தில் அவரைக் களைப்பாற விட்டு, கடைசி இருபது நிமிடம் இரண்டாவது பாட்டுக்கு மண்டலின் யோசனைகளை மட்டும் போனில் பதிந்துகொண்டோம்.

ஒரு பக்கக் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்த எட்டுச் செக்கனைத் தனி வரியாக எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கடிதத்தை மடித்து வயலின் பெட்டிக்குள் ரோசின் வைக்கிற சின்ன அறையில் வைத்தார்.

வில்லும் தந்தியும் அண்ணா, ஒரு கேள்வி. இரண்டாவது பாட்டுக்கு ஒரு மாணவியையும் கூட அழைத்து வரலாமா என்று அவரே கேட்டார். காசு கொஞ்சம் இடிக்கும், ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன்.


வில்லும் தந்தியும்
ஞாயிறு, இரவு 9.15

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. அந்தப் பிள்ளைக்கும் நோட்ஸையும் குரலையும் தனியாக அனுப்புங்கள், ஆசிரியர் மூலமாகப் போகட்டும் என்று விடாதீர்கள். ஸ்டூடியோவில் அவர் வாசிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று யாரும் கதைக்க வேண்டாம். வாய் அசைவது தெரியும், கேட்காது, அந்த வயதில் அது மனதைக் கலைக்கும்.


பம்பலப்பிட்டிப் பாடகி
ஞாயிறு, இரவு 9.40

இரண்டாவது பாட்டு நான்தான் பாடுகிறேன் என்பதை இவ்வளவு நேரமும் சொல்லாமல் இருந்தேன். நேற்று மாலை அவர் எனக்குப் போன் எடுத்தார். அனுபல்லவியில் நான் ரிஷபத்திலிருந்து எப்படி ஏறுகிறேன் என்று மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு, ஐந்து கட்டைதானே, மாறாதே என்று உறுதி செய்துகொண்டார். மாறாது என்றேன். அப்படியென்றால் இறக்கின வயலினை வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கையில் மண்டலினைக் கொண்டுவருகிறேன் என்றார்.